சின்ன இடத்துக்கு எந்தச் சின்ன பொலிஷர்?

இந்த மாதக் கேள்வி விட்பியில் இருக்கும் ஒரு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அவருடைய 16 வயது மகன் இந்தக் கோடையில் கார் டீட்டெய்லிங் செய்து கைச்செலவுக்கு உழைக்கப் போகிறானாம். முதலில் வீட்டுக் கார், பிறகு அதே தெருவில் இருக்கிறவர்களின் கார்கள். பெரிய பொலிஷர் ஒன்று கராஜில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது மகன் கேட்பது சின்னது ஒன்று: கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், பக்கக் கண்ணாடியின் அடியில், பம்பர் வளைவுக்குள், அதாவது பெரிய மெஷின் போகாத இடங்களுக்கு.

"எங்கட அப்பா, நான் வாங்கித் தாறன் எண்டு பேரனுக்குச் சொல்லிப்போட்டார். கடையில பார்த்தா நாற்பது டொலருக்கும் இருக்கு, பல நூறு டொலருக்கும் இருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எதை வாங்குறது? முதல்ல, வாங்கத்தான் வேணுமோ?"

இரண்டும் நல்ல கேள்விகள். மகன் கை வைக்கப் போவது அயலவர்கள் நம்பித் தரும் கார்களில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் காரை ஒருக்கா வடிவாப் பாருங்கள்

வெயில் உள்ள ஒரு நாளில் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் ஃபோன் டோர்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். ஹூட்டிலும் கதவுகளிலும் தெரியும் சிலந்திவலைக் கீறல்கள் பெரிய மெஷினுக்கான வேலை. அதை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள்.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் நகம், மோதிரம், திறப்பு எல்லாம் பட்ட கீறல்கள் இருக்கும். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் கறுப்பாகப் பளபளக்கும் தூண் இருக்கும். பியானோ பிளாக் என்று சொல்லும் இந்தப் பளபளப்பு, துணி பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. பக்கக் கண்ணாடி கதவோடு சேரும் இடம், பின்னால் நம்பர் பிளேட்டைச் சுற்றிய பள்ளம், முன் பம்பரில் கிரில்லை ஒட்டிய வளைவு, பின் ஸ்பொய்லருக்கு அடிப்பக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். 401-லும் 412-லும் குளிர்காலம் முழுக்க ஓடிய காரில் உப்பும் மணலும் போய் ஒட்டுவது இப்படியான மூலைகளில்தான். ஐஸ் தட்டும் பிரஷ் கண்ணாடி ஓரங்களில் விட்ட கோடுகளும் தெரியும்.

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓடவிடுங்கள். நகம் தடக்கினால் அது பொலிஷ் போட்டு எடுக்கிற கீறல் இல்லை. எந்த மெஷின் வாங்கினாலும் அது போகாது. போக்க வெளிக்கிட்டால் பெயிண்ட்தான் போகும்.

உங்கள் சொந்தக் கார் ஒன்றுதான், இப்படியான இடம் நான்கைந்துதான் என்றால் மெஷினே வேண்டாம். ஒரு சின்ன ஃபோம் அப்ளிகேட்டர், ஒரு போத்தல் நல்ல பொலிஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி போதும். கைப்பிடிக் குழிக்குள் இரண்டு விரலால் அழுத்தாமல் தேய்த்துத் துடைத்தால் நகக்கீறலில் பாதிக்கு மேல் மங்கிவிடும். ஒரு பின்னேர வேலை, அவ்வளவுதான்.

கோடையில் பத்துக் கார் செய்யப் போகிறவனுக்குக் கணக்கு வேறு. ஒரு காருக்கு நான்கு கைப்பிடிக் குழி என்றால் பத்துக் காருக்கு நாற்பது. கையால் தேய்த்தால் விரல் நோகும், ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு மாதிரி வரும். அவனுக்குச் சின்ன மெஷின் தேவைதான். எந்த மெஷின் என்பதைத் தீர்மானிக்க முதலில் பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தாத்தாவின் காரும் இந்தக் காரும்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்களைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை காரை மினுக்கிய கதை சொல்வார்கள். பெற்றோல் கிடைக்காத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களைக் கைவிடாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள். "வடிவா அழுத்தித் தேய், அப்பத்தான் மினுங்கும்" என்பதுதான் அவர்களின் பாடம். அந்தக் காருக்கு அது சரியான பாடமும் கூட.

அந்தக் காலப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே படையில் இருந்தன. அழுத்தித் தேய்த்தால் வெயிலில் வெளிறிய மேல்தோல் கழன்று, அடியில் இருக்கும் புது நிறம் வெளியே வரும். தேய்த்த துணியைப் பார்த்தால் காரின் நிறம் அதில் ஒட்டியிருக்கும். நீலக் காருக்கு நீலத் துணி, கறுப்புக் காருக்குக் கறுப்புத் துணி. பெயிண்ட் எவ்வளவு போகிறது என்று துணியே காட்டிக்கொடுக்கும். கனக்க நிறம் வந்தால் கை தானாக நின்றுவிடும்.

1980-களில் பரவத் தொடங்கி, இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்ட முறை வேறு. அடியில் நிறம், அதற்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுக்க அந்த மேல்படையில்தான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். தடிப்பு பொதுவாக 40, 50 மைக்ரோன் அளவில் இருக்கும். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். உங்கள் காரின் மினுக்கம் முழுவதும் ஒரு மயிரிழையை விட மெல்லிய படையில் நிற்கிறது.

ஒவ்வொரு முறை பொலிஷ் போடும்போதும் அந்தப் படையில் சில மைக்ரோன் போகும். கதவு விளிம்பு, உடலில் ஓடும் கூரான கோடு, கைப்பிடிக் குழியின் உதடு போன்ற இடங்களில் படை இன்னும் மெல்லியது. இதில் பெரிய வில்லங்கம், கிளியர் கோட்டுக்கு நிறம் இல்லாததால் துணியில் ஒன்றும் தெரியாது. பொலிஷின் வெள்ளைதான் ஒட்டியிருக்கும். பழைய துணி தந்த எச்சரிக்கை இப்போது இல்லை. நிறம் துணியில் தெரியத் தொடங்கினால் கிளியர் கோட் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பொடி ஷொப்பில் அந்தப் பகுதிக்குத் திரும்பப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

எனவே சின்ன மெஷினை வாங்கும்போது எது கெதியா வெட்டும் என்று பார்க்க வேண்டாம். பதினாறு வயதுக் கையில் எது கடைசி வரைக்கும் பெயிண்டை மிச்சம் வைக்கும் என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த அளவுகோலில்தான்.

பேட் சின்னதானால் அழுத்தம் கூடும்

சின்ன மெஷின் என்றால் பெரியதை விடப் பாதுகாப்பானது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 அங்குல பேட்டின் பரப்பு ஏறக்குறைய 46 சதுர செ.மீ. 1 அங்குல பேட்டின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர செ.மீ.தான். பெரியதில் வைத்த அதே கைப்பலத்தைச் சின்னதில் வைத்தால், பெயிண்டின் மேல் விழும் அழுத்தம் ஒன்பது மடங்காகிறது. சப்பாத்துக் காலால் மிதித்தால் நோகாத இடத்தில் ஹை ஹீல்ஸ் மிதித்தால் என்ன நடக்கும்? அதேதான்.

பலம் குறைந்த மெஷின் என்று மகன் அலட்சியமாக அழுத்தக் கூடாது. கையின் பாரம் அல்ல, மெஷினின் சொந்தப் பாரமே பெரும்பாலும் போதும். வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். பேனாவைப் பிடிப்பது போல் விரலால் பிடித்து நடத்தக்கூடிய மெஷின் நல்லது. முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாக இருந்தால் அழுத்தமும் தானாகக் கூடிவிடும்.

சுற்றும் விதம்தான் முதல் தீர்மானம்

பிராண்டைப் பார்க்கும் முன் மெஷின் எப்படிச் சுற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று ரோட்டரி. ஒரே அச்சில் வட்டமாகச் சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஒரே இடத்தில் இரண்டு செக்கன் கூட நின்றால் சூடு ஏறும். 3 அங்குல பேட் நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு பெயிண்டின் மேல் மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அனுபவம் உள்ளவர் கையில் அது அற்புதமான கருவி. பழகாத கையில் கதவு விளிம்பைச் சுட்டுவிடும்.

மற்றது ராண்டம் ஓர்பிட்டல். பேட் தன்னைத்தான் சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்தில் அலைந்துகொண்டும் இருக்கும். பம்பரம் கடைசி நேரத்தில் தலையாட்டிக்கொண்டு சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். ஒரே புள்ளி ஒரே திசையில் திரும்பத் திரும்பத் தேய்படாது, சூடும் மெதுவாகத்தான் ஏறும். முக்கியமான குணம் இன்னொன்று: அதிகமாக அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். பிழை விட்டால் தானாக வேலையைக் குறைத்துக்கொள்ளும் மெஷின் அது. பிள்ளை பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது.

அந்த அலையும் வட்டத்தின் குறுக்களவை மி.மீ. கணக்கில் பெட்டியில் போட்டிருப்பார்கள். 3, 8, 12, 15 என்று வரும். சின்ன இடத்துக்கு மெஷின் தேடும்போது பலர் பேட்டின் அளவை மட்டும் பார்க்கிறார்கள். ஓடும்போது அது பிடிக்கும் இடம் பேட்டின் அகலமும் அந்த வட்டமும் சேர்ந்தது. 25 மி.மீ. பேட், 12 மி.மீ. வட்டம் என்றால் 37 மி.மீ. இடம் வேண்டும். 75 மி.மீ. பேட், 15 மி.மீ. வட்டம் என்றால் 90 மி.மீ. வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு ரூலரை எடுத்து, உங்கள் காரிலும் இரண்டு அயலவர் காரிலும் கைப்பிடிக் குழியின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி மறைக்கும் அளவையும் கழியுங்கள். மிஞ்சிய இடத்தை விட மெஷின் பிடிக்கும் இடம் பெரிதென்றால் பேட் விளிம்பில் போய் அடிக்கும். விளிம்பில்தான் பெயிண்ட் மெல்லியது என்று மேலே பார்த்தோம்.

இப்போது மெஷின்கள்

இங்கே டீட்டெய்லிங் செய்கிறவர்களிடம் அடிக்கடி காணும் சிலவற்றை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

முதலாவது, ட்ரில்லில் மாட்டும் பேட் செட். விலை மிகக் குறைவு. அம்மா சொன்ன நாற்பது டொலர் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ட்ரில் ரோட்டரியாகத்தான் சுற்றும். அதன் பாரம் பின்னுக்கு இழுக்க, பேட் ஒரு பக்கம் சரியும். இரும்புச் சக் காரில் தட்டுவதற்கும் இடமுண்டு. பழைய ஹெட்லைட், வீட்டுப் பைப், சமையலறை ஸ்டீல் இவற்றுக்குப் பரவாயில்லை. அயலவர் கார்ப் பெயிண்டுக்கு வேண்டாம்.

மில்வாக்கியின் எம்12 வரிசையில் 3 அங்குலப் பொலிஷர் ஒன்று இருக்கிறது. கைக்கு அடக்கம், பற்றரியில் ஓடும். பலர் வீட்டில் எம்12 ட்ரில்லும் பற்றரியும் ஏற்கெனவே இருப்பதால் மலிவாகவும் முடியும். இது ரோட்டரி. இரண்டு வேக நிலைகள்: ஒன்று 2,800 சுற்று வரை, மற்றது 8,300 வரை. மேல்நிலை மணல்தாள் போட்டுத் தேய்க்கும் வேலைக்கு. அந்த நிலையில் 3 அங்குலப் பேட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 119 கி.மீ. ஓடும், 401-ல் நாங்கள் போகிற வேகம். நல்ல கருவிதான், ஆனால் முதல் கருவியாக வேண்டாம்.

கிரியட்ஸ் கராஜின் ஜி8 வயரில் ஓடும் ராண்டம் ஓர்பிட்டல். 3 அங்குலம், 8 மி.மீ. வட்டம். தூண், பம்பர், ஸ்பொய்லர், மோட்டார்சைக்கிள் டாங்க் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழகுகிறவருக்குப் பொறுமையான மெஷின். பிடிக்கும் இடம் 83 மி.மீ. என்பதால் பல கைப்பிடிக் குழிக்குள் போகாது. அந்த இடத்தைக் கையால்தான் செய்ய வேண்டும்.

இத்தாலிய நிறுவனமான ரூப்பஸ் 1947 முதல் இருக்கிறது. அவர்களின் எல்எச்ஆர் 75 மினி 75 மி.மீ. தட்டும் 15 மி.மீ. வட்டமும் கொண்டது. பலமான மெஷின். பெரிய பொலிஷருக்கும் விரலுக்கும் இடைப்பட்ட இடங்களை வேகமாக முடிக்கும். ஆனால் மேலே போட்ட 90 மி.மீ. கணக்கு இதற்குத்தான். 'மினி' என்ற பெயரைப் பார்த்துக் கைப்பிடிக் குழிக்கு என்று வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

அதே ரூப்பஸின் ஐபிரிட் நானோ, ஜெர்மன் நிறுவனமான ஃபிளெக்ஸின் பிஎக்ஸ்ஈ 80 இரண்டும்தான் உண்மையில் மூலை முடுக்குக்கென்றே செய்தவை. டோர்ச் லைட் போல நீண்ட உடல், பற்றரி. தலையை மாற்றி மாற்றிப் போடலாம்: ரோட்டரி ஒன்று, 3 மி.மீ. வட்டம் ஒன்று, 12 மி.மீ. வட்டம் ஒன்று. 1 அங்குலம், 2 அங்குலம் என்று சின்னப் பேட்டுகள் மாட்டலாம். கைப்பிடிக் குழியில் 1 அங்குலப் பேட்டும் 3 மி.மீ. தலையும் போட்டால் பிடிக்கும் இடம் 28 மி.மீ.தான். விலை பல நூறு டொலர், அதன் மேல் 13 சதவீதம் எச்எஸ்டி. அம்மாவைத் திகைக்க வைத்த விலை இதுதான்.

இவற்றின் சாயலில் வேறு பல பிராண்டுகள் குறைந்த விலையிலும் வருகின்றன. வாங்கலாம். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள்: ஓர்பிட்டல் தலை பெட்டிக்குள்ளேயே வருகிறதா, மாற்றுப் பேட்டும் தட்டும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா, சார்ஜரில் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா. கடைசி விஷயம் அழகுக்கு இல்லை. ஒன்ராறியோவில் விற்கும் மின் பொருட்களுக்கு அப்படியான அங்கீகாரம் சட்டப்படியே வேண்டும். இரவில் கராஜில் சார்ஜில் கிடக்கப் போவது லித்தியம் பற்றரி.

பற்றரியா, வயரா?

கைப்பிடிக் குழி போன்ற இடத்துக்குப் பற்றரி வசதி. வயர் காரின் மேல் இழுபட்டுப் புதுக் கீறல் போடாது. ஒரு பற்றரியை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம், இரண்டு வேண்டும். சில மெஷின்களைப் பற்றரியும் சார்ஜரும் இல்லாமல் வெறும் உடலாக மட்டும் விற்பார்கள். விலை குறைவாகத் தெரிந்தால் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று வாசியுங்கள்.

விட்பிக் குளிரில் இன்னொன்று: லித்தியம் பற்றரியைச் சுழியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது, உள்ளே பழுதாகும். ஒக்டோபர் முடிந்ததும் பற்றரியையும் பொலிஷ் போத்தல்களையும் கராஜிலிருந்து வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

வயர் மெஷின் என்றால் கராஜ் பிளக் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு உள்ளதா என்று பாருங்கள். நிலத்தில் தண்ணீர் இருக்கும் இடம். வயரைத் தோளின் மேலால் போட்டு வேலை செய்யப் பழக்குங்கள்.

பேட்டுக்கும் காசு ஒதுக்குங்கள்

மெஷினுக்கே முழுக் காசையும் கொடுத்துவிட்டு இரண்டு பேட்டோடு வீட்டுக்கு வருகிறவர்கள் கனபேர். சின்னப் பேட் கெதியா நிரம்பிவிடும். கழன்ற கிளியர் கோட் துகளும் பொலிஷும் ஃபோமுக்குள் அடைந்தால் பேட் மினுக்காது, கீறத் தொடங்கும். ஒரு காருக்கு 1 அங்குலத்தில் ஆறு, 2 அங்குலத்தில் நான்கு, 3 அங்குலத்தில் இரண்டு கையில் இருந்தால் நிம்மதி. மென்மையான ஃபோமும் மெல்லிய பொலிஷும்தான் முதலில். கம்பளிப் பேட்டும் கடும் கொம்பவுண்டும் இந்தக் கோடைக்கு வேண்டாம். மென்மையானது கீறலில் முக்கால்வாசியை எடுத்தால் அதோடு நிறுத்துவதே நல்ல வேலை.

ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பும் வாங்குங்கள். விளிம்புகள், ரப்பர் ஓரம், கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் காரைத் தொடும் முன்

பழைய கார்ப் பாகம் விற்கும் இடத்தில் கைப்பிடியோடு ஒரு பழைய கதவு அல்லது ஒரு ஃபெண்டர் வாங்கி வாருங்கள். மகன் முதல் இரண்டு வாரம் அதில் பழகட்டும். மெஷினின் தட்டுப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டால் பேட் சுற்றுகிறதா, அழுத்தத்தில் நின்றுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். கோடு நின்று தெரிந்தால் கையைத் தளர்த்த வேண்டும். அந்தப் பழைய கதவில் ஒரு மூலையை வேண்டுமென்றே கிளியர் கோட் போகும் வரைக்கும் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு சத்தமில்லாமல், எவ்வளவு கெதியா அது போகிறது என்று ஒருக்கா கண்ணால் கண்டவன் பிறகு அயலவர் காரில் கவனமாக இருப்பான். இதை வாயால் நூறு தரம் சொல்வதை விட இது நல்லது.

பம்பரும் பக்கக் கண்ணாடி மூடியும் பிளாஸ்டிக். இரும்பு, அலுமினியம் சூட்டைப் பரவவிடும், பிளாஸ்டிக் அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். அங்கே வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று தரம் ஓட்டியதும் நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை சுட்டால் பெயிண்டும் சுடுகிறது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஹூடியின் நாடா, கழுத்துச் சங்கிலி, நீண்ட தலைமுடி எல்லாவற்றையும் கட்டி ஒதுக்க வேண்டும். காதில் ஹெட்ஃபோன் வேண்டாம், மெஷினின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டுத்தான் அழுத்தத்தை அறிய வேண்டும்.

காரைக் கழுவும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். விட்பியில் தெரு வடிகாலில் போகும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. லிண்ட் கிரீக், பிரிங்கிள் கிரீக் போன்ற ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. ஒரு காரைக் கழுவுவது ஒரு கதை, வாரம் மூன்று காரை ட்ரைவ்வேயில் கழுவுவது வேறு கதை. கார் வொஷ்ஷில் கழுவிவிட்டுக் கொண்டுவரச் சொல்லலாம், அல்லது தண்ணீர் மிகக் குறைவாகத் தேவைப்படும் ரின்ஸ்லெஸ் வொஷ் பாவிக்கலாம்.

அயலவர் காருக்கு நான்கு விதி

காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு மகனோடு உட்கார்ந்து முதலே பேசி வைக்க வேண்டியவை:

ஒன்று, தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ஃபோனில் படம் எடுக்க வேண்டும், கார்க்காரரோடு சேர்ந்து நின்று. இரண்டு, "இந்தக் காருக்கு எப்பவாவது திரும்பப் பெயிண்ட் அடிச்சதோ?" என்று கேட்க வேண்டும். திரும்ப அடித்த பெயிண்டின் தடிப்பை நம்ப முடியாது. மூன்று, நகம் தடக்கும் கீறலுக்கு "இது என்னால ஏலாது, அங்கிள்" என்று சொல்லப் பழக வேண்டும். நான்கு, வேலை தொடங்கும் முன் நீங்கள் உங்கள் காப்புறுதி ஏஜென்ட்டைக் கேட்க வேண்டும். வீட்டுக் காப்புறுதி பொதுவாக வீட்டில் நடக்கும் தொழிலால் வரும் சேதத்தை ஏற்பதில்லை. பிள்ளையின் சின்ன வேலையையும் தொழில் என்றுதான் எடுப்பார்களா என்று முதலே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது விதிதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். எங்கள் சமூகத்தில் பெரியவர் ஒருவர் "கொஞ்சம் அழுத்திப் பார் தம்பி, போகும்" என்று சொன்னால் மறுத்துப் பேசப் பழக்கவில்லை நாங்கள். இங்கே மறுக்கத்தான் வேண்டும். மரியாதையாக மறுக்கும் சொற்களை நீங்களே சொல்லிக் கொடுங்கள். அந்தப் பழைய கதவையும் கராஜில் வைத்திருங்கள், காட்டி விளங்கப்படுத்த உதவும்.

என் பதில்

வீட்டுக் காருக்கு மட்டும் என்றால் எதுவும் வாங்க வேண்டாம், கை போதும்.

வீட்டுக் காரும் இடைக்கிடை நண்பர் காரும் என்றால் 3 அங்குல ராண்டம் ஓர்பிட்டல் ஒன்று போதும். ஜி8 அந்த வகை. கைப்பிடிக் குழியைக் கையால் செய்யட்டும்.

கோடை முழுக்க உழைக்கத்தான் போகிறான், அதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதம் என்றால், தலை மாற்றும் பற்றரி மெஷின் வாங்கலாம். நானோ, பிஎக்ஸ்ஈ 80, அல்லது அந்த மூன்று விஷயத்திலும் தேறிய வேறொன்று. அதனோடு வரும் ரோட்டரித் தலையை எடுத்து அம்மாவின் அலுமாரியில் வையுங்கள். 12 மி.மீ., 3 மி.மீ. தலைகளோடு ஒரு கோடை முழுக்க வேலை செய்து, பழைய கதவில் சுத்தமாகச் செய்து காட்டிய பிறகு அதைக் கேட்கட்டும்.

தாத்தா கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றட்டும். மெஷின் அவருடைய பரிசு. பேட்டும் பொலிஷும் டேப்பும் மகன் தன் முதல் இரண்டு காரின் காசில் வாங்கட்டும். தன் காசில் வாங்கிய பேட்டை அவன் வீணாக்க மாட்டான். கடைக்குத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கையில் இருந்த பொறுமையும், வேலையை முடிக்காமல் எழும்பாத குணமும் பேரனுக்கு வேண்டும். அழுத்தம் மட்டும் வேண்டாம். துணியில் நிறம் வந்த காலத்தைப் பற்றி அவரே பேரனுக்குச் சொன்னால், இன்றைய துணி ஏன் வெள்ளையாகவே இருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் நல்லா விளங்கும்.

அடுத்த மாதம் மஞ்சளாகிப் போன ஹெட்லைட்டைத் தெளிவாக்குவது பற்றி. பொலிஷ் போட்டுவிட்டு அப்படியே விட்டால் சில மாதத்தில் திரும்ப ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தம் இருக்கிறது. வேறு கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.